காலை மன்றாட்டு (கிறித்தவம்)

காலை மன்றாட்டு என்பது கிறித்தவர்கள் நாள்தோறும் விடியற்பொழுதில் தனியாகவோ குடும்பமாகவோ குழுவாகவோ இறைவனை வேண்டும் வழக்கம் ஆகும். இயேசு விடியுமுன் எழுந்து தனிமையான இடத்தில் வேண்டினார் என மாற்கு நற்செய்தி (1:35) குறிப்பிடுகின்றது.

வரலாறு

நடுக்காலத்தில் மேற்குத் திருச்சபையின் வேண்டல்கள் இலத்தீன் மொழியில் இருந்தமையால், இவ்வழக்கம் பெரும்பாலும் துறவியர், குருக்களின் கடமையாகச் சுருங்கியது. 1549இல் வெளிவந்த ஆங்கிலிக்கப் பொது மன்றாட்டு நூல், பல நேர வேண்டல்களைக் காலை, மாலை என இரண்டாக்கி மக்கள் மொழியில் தந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பொதுநிலையினரையும் இவ்வேண்டலில் பங்கேற்க ஊக்குவித்தது. முன்னர் ஒரு வாரத்திற்கு வகுக்கப்பட்டிருந்த திருப்பாடல்கள், பின்னர் நான்கு வாரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இதனால் அன்றாடச் சுமை குறைந்தது.

அமைப்பு

திருப்புகழ்மாலையின் காலைப் புகழில் பாடல், திருப்பாடல்கள், இறைவாக்கு, செக்கரியாவின் பாடல் (லூக்கா 1:68-79), மன்றாட்டுகள், இயேசு கற்பித்த செபம் ஆகியன வரிசையாக இடம்பெறும்.

தமிழகத்தில்

குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950இல் நிறுவப்பட்ட சச்சிதானந்த ஆசிரமத்தில் நாளொன்றுக்கு மூன்று வேளை வேண்டும் முறை உருவானது. காலையில் சந்தனமும், நண்பகலில் குங்குமமும், மாலையில் திருநீறும் அடையாளங்களாகப் பயன்படுத்தப்பட்டன.

அன்றாடப் பழக்கமாதல்

நேரமும் வரிசையும் முன்பே வகுக்கப்பட்டிருப்பதால், மனம் சோர்ந்த நாளிலும் வேண்டுபவர் சொற்களைத் தேட வேண்டியதில்லை. ஆயினும் அதே ஒழுங்கு வெறும் உதட்டளவு ஒப்புவித்தலாக மாறும் வாய்ப்பும் உண்டு. எனவே இடையிடையே அமைதி காப்பதும் இவ்வேண்டலின் ஒரு பகுதியாகக் கருதப்படுகின்றது.