இல்லில் அட்ட கள்ளும் கலத்தில் வந்த தேறலும்: பெரும்பாணாற்றுப்படை காட்டும் நொதிப்பு முறை

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத்தில் மதுவகைகளைச் சுட்டும் சொற்களை இன்றைய உரைகளும் மொழிபெயர்ப்புகளும் பெரும்பாலும் 'பனங்கள்' என்னும் ஒற்றைப் பொருளில் அடக்கிவிடுகின்றன. பெரும்பாணாற்றுப்படை விரிக்கும் அரிசிக் கள்ளின் செய்முறையை நொதிப்பியல் நோக்கில் படிநிலைப்படுத்தி விளக்குவதும், அச்செய்முறையில் இடம்பெறும் 'நல்லடை' என்னும் சொல்லின் பொருளை மறுபரிசீலனைக்கு உட்படுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: தோப்பி, தேறல், அடுதல், நல்லடை, நொதிப்பு, பெரும்பாணாற்றுப்படை

அடுதலும் இறக்குதலும்

கள், நறவு, தேறல், மட்டு, மது, பிழி, அரியல், தோப்பி எனச் சங்க நூல்களில் மதுவுக்கு வழங்கும் பெயர்கள் பல. இவற்றுள் சில மூலப்பொருளால் வேறுபடுவன; சில செய்முறையால் அமைந்தன. பிழி என்பது பிழிதலாலும், அரியல் என்பது அரித்தலாலும், தேறல் என்பது தெளிதலாலும் பெயர் பெற்றன. செய்வோரின் கைத்தொழில் இப்பெயர்களிலேயே பதிந்துள்ளது. ஆயினும் இன்று 'கள்' என்றவுடன் பனையும் தென்னையுமே நினைவிற்கு வருவதால், இப்பெயர்கள் அனைத்தையும் மரத்திலிருந்து இறக்கிய சாற்றின் மறுபெயர்களாகவே வாசிக்கும் பழக்கம் நிலைபெற்றுவிட்டது.

இப்பழக்கத்தை ஐயுறுவதற்கு ஒரு வினைச்சொல்லே போதுமானது. மறவர், பகைவர் நிலத்திலிருந்து கவர்ந்து வந்த ஆநிரையை நறவுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்த்தபின், தம் இல்லத்தில் அட்ட தோப்பியைப் பருகுவர் என்கிறது பெரும்பாணாற்றுப்படை (140-142). அந்நூலே பிறிதோரிடத்தில் 'கள்ளடு மகளிர்' என்று ஒரு தொழிற்பிரிவினரைச் சுட்டுகிறது (339). இரண்டு இடங்களிலும் கள்ளோடு வரும் வினை 'அடு' என்பதாகும். அடுதல் என்பது சமைத்தல். பனஞ்சாற்றைச் சமைப்பதில்லை, பாளையைச் சீவி இறக்குகின்றனர். அது கலயத்தில் விழும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். அதனைக் காய்ச்சினால் பனைவெல்லம் கிடைக்குமே அன்றிக் கள் கிடைக்காது. ஆகவே அடுதல் என்னும் வினையோடு இயைந்து வரும் கள்ளைத் தானியக் கள்ளாகக் கொள்வதே பொருந்தும். உரைமரபும் தோப்பியை நெல்லினால் ஆக்கிய கள் என்றே குறிக்கிறது. உரை தெளிவாகக் கூறியிருந்தும் பிற்கால வாசிப்பில் இவ்வேறுபாடு மங்கிப்போனது வியப்பிற்குரியது.

கலத்தில் வந்த தேறல்

விலைக்கு வாங்கிய நறவும் இல்லில் அட்ட தோப்பியும் அடுத்தடுத்த அடிகளில் வருவது கருதத்தக்கது. மதுவின் தரமும் விலையும் அன்றே பல படிகளாக இருந்தன. அவற்றுள் உச்சியில் இருந்தது யவனத் தேறல். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடலில் (56) யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர மன்னன் பருகுகிறான். அப்பாடலில் வரும் 'நன்கலம்' மது நிறைந்த குப்பியா, அதனைக் கொண்டுவந்த மரக்கலமா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. எவ்வாறு கொண்டாலும் அது கடல் கடந்து வந்த பொருள் என்பதில் ஐயமில்லை.

அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடற் பகுதியைச் சேர்ந்த ஆம்போரா என்னும் இருகாதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பின்னர் அங்கு விமலா பெக்லி மேற்கொண்ட அகழாய்வுகளும் கேரளத்தின் பட்டணம் அகழாய்வும் இச்சான்றுகளைப் பெருக்கின. அச்சாடிகளில் மது மட்டுமன்றி ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் வந்துள்ளன. அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் கோஸ் தீவின் மதுச்சாடி வகையை இனங்கண்டார். கோஸ் மது கடல்நீர் கலந்து ஆக்கப்பட்டது என்பது கிரேக்க, உரோமானிய நூல்களால் அறியப்படும் செய்தியாகும்.

ஆயினும் இவ்வணிகத்தின் அளவைப் பெரிதுபடுத்துதல் கூடாது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிபுளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு, முசிறிக்கு வந்த இறக்குமதிப் பொருள்களை அடுக்கும்போது மதுவையும் சேர்க்கிறது. ஆனால் அது மிகுதியாக வருவதில்லை என்றும் உடன் குறிப்பிடுகிறது. நக்கீரரின் பொற்கலத்தை இக்குறிப்போடு இணைத்து நோக்கினால், யவனத் தேறல் அரண்மனையைத் தாண்டி அதிகம் பரவியிருக்க இயலாது என்பது புலனாகும். தமிழகத்தின் ஏனைய மக்கள் தம் மதுவைத் தாமே ஆக்கிக்கொண்டனர், அல்லது அண்டை நிலத்தாரிடம் பண்டமாற்றாகப் பெற்றனர். தேனும் கிழங்கும் கொடுத்தவர் மீனெய்யும் நறவும் பெற்றதையும், கரும்பும் அவலும் கொடுத்தவர் மான்தசையும் மதுவும் பெற்றதையும் பொருநராற்றுப்படை (214-217) பதிவு செய்துள்ளது.

பெரும்பாணாற்றுப்படையின் செய்முறை

சங்க நூல்களுள் மது ஆக்கும் முறையைத் தொடக்கம் முதல் இறுதி வரை முறைப்படி விளக்கும் இடம் என்று பெரும்பாணாற்றுப்படையின் 275 முதல் 281 வரையிலான அடிகளைக் கூறலாம். வலைஞர் குடியிருப்பில் பாணன் பெறும் விருந்தைச் சொல்லுமிடத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதனை அமைத்துள்ளார். அதன் படிநிலைகள் பின்வருமாறு அமைகின்றன. குற்றாத கொழியலரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகின்றனர். அக்கூழை அகன்ற வாயையுடைய பிழா என்னும் தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். பாம்பு உறையும் புற்றிலுள்ள குரும்பியை ஒத்த நல்லடையை அதனுடன் கலக்கின்றனர். இனிமை உண்டாகுமாறு இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுகின்றனர். பின்னர் வலிய வாயையுடைய சாடியில், இளமைத்தன்மையாகிய வழைச்சு நீங்குமாறு முதிர வைக்கின்றனர். இறுதியில் வெந்நீர் சேர அரித்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர்.

இச்செய்முறையை நொதிப்பியலோடு ஒப்பிடும்முன் திராட்சைக்கும் அரிசிக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். திராட்சையில் சர்க்கரை ஆயத்தமாக உள்ளது. தோலின்மேலும் ஆலைச் சூழலிலும் ஈஸ்ட் இயல்பாகவே இருக்கும். பழத்தை நசுக்கிக் கலத்திலிட்டால் நொதிப்பு தானே தொடங்கும். பனஞ்சாற்றின் நிலையும் அத்தகையதே. அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட் மாவுச்சத்தை நேரடியாக உண்ணாது. முதலில் அது சர்க்கரையாக உடைய வேண்டும். அதன் பின்னரே சர்க்கரை ஆல்ககாலாக மாறும். ஆகவே தானியத்தில் மது ஆக்குவோர் ஒன்றுக்கு இரண்டு வேதிமாற்றங்களைக் கையாள வேண்டியவர் ஆகின்றனர்.

உருத்திரங்கண்ணனாரின் வருணனையில் இவ்விரு மாற்றங்களும் தனித்தனியாகச் சுட்டப்பட்டுள்ளன என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. 'தேம்பட' என்னும் சொல் முதற்கட்டத்திற்கு உரியது: கூழ் இனிப்பாதல், அதாவது மாவுச்சத்து சர்க்கரையாதல். 'வழைச்சற' என்பது இரண்டாங்கட்டத்திற்கு உரியது: இளங்கள்ளின் பச்சைத்தன்மை நீங்கி முதிர்தல். முதற்கட்டத்திற்குக் காலக்கணக்கு உண்டு. இரண்டாங்கட்டத்திற்குக் காலக்கணக்கு இன்றிப் பதம் மட்டுமே சொல்லப்படுகிறது. சமையலறையில் நின்று பார்த்தவர்க்கே இவ்வேறுபாடு தோன்றும். இனிப்பாவதற்கு நாளெண்ணிக் காத்திருக்கலாம். முதிர்ந்ததை நாவே அறிவிக்கும்.

'அவையா அரிசி' என்பதும் நோக்கத்தக்கது. பலகால் குற்றித் தீட்டிய அரிசி விருந்துக்குரியது. உலக்கைக்கு வேலை வைக்காத அரிசி மலிவானது. அதன் தவிடு ஈஸ்ட்டுக்கு ஊட்டமும் ஆகும். இல்லத்தில் குறைந்த செலவில் கள் ஆக்கும் குடும்பத்தின் தெரிவு இதுவாகவே இருந்திருக்கும்.

நல்லடை எது?

மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பணியைச் செய்தது 'நல்லடை' என்பதில் கருத்து வேறுபாடு எழ இடமில்லை. அது எப்பொருள் என்பதே வினா. நெல்முளையை இடித்துக் கலந்தனர் என்று பொருள் கொள்வது பத்துப்பாட்டின் உரைமரபு. முளைவிட்ட தானியத்தில் அமைலேசு என்னும் நொதி சுரக்கும். பார்லியை முளைகட்டி பீர் ஆக்கும் மேலைநாட்டு முறையின் அடிப்படையும் இதுவே. உரைகாரர் கொண்ட பொருள் அறிவியல் நோக்கிலும் ஏற்புடையதே.

எனினும் ஒரு தடை உள்ளது. முளையின் அமைலேசு 60 முதல் 70 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் விரைந்து செயற்படும். பீர் ஆக்குவோர் கூழைச் சூடாக வைத்திருப்பது அதனாலேயே. பெரும்பாணாற்றுப்படை மகளிரோ நல்லடையைக் கலப்பதற்கு முன்பே கூழை அகன்ற தட்டில் பரப்பி நன்கு ஆற்றிவிடுகின்றனர். முளை மட்டுமே சேர்ப்பதாயின் இவ்வளவு ஆற்ற வேண்டிய தேவையில்லை. வெப்பத்தால் அழியக்கூடிய உயிருள்ள ஒன்றைச் சேர்ப்பதாயின் ஆற்றியே ஆக வேண்டும். ஈஸ்ட்டும் பூஞ்சணமும் ஏறத்தாழ 50 பாகைக்கு மேல் பிழைத்திருப்பது அரிது.

இங்கு இந்தியாவின் பிற பகுதிகளில் இன்றும் வழங்கும் அரிசி மதுக்கள் ஒப்புநோக்கத்தக்கன. சார்க்கண்டு, ஒடிசா, மேற்கு வங்கப் பகுதிகளில் சந்தாலி, முண்டா, ஒராவோன் மக்கள் ஆக்கும் ஹண்டியாவில் சோற்றைப் பரப்பி ஆற்றி, 'ரானு' எனப்படும் உலர்ந்த வில்லையைப் பொடித்துத் தூவி, பானையில் சில நாள்கள் மூடி வைத்துப் பின் நீர் சேர்த்துக் கையால் பிசைந்து வடிகட்டுவர். சிக்கிம், நேபாளப் பகுதிகளில் இத்தகைய வில்லைக்கு 'மர்ச்சா' என்று பெயர். அரிசிமாவும் மூலிகைகளும் சேர்த்துப் பிசைந்து பூஞ்சணம் படரவிட்டு உலர்த்தப்படும் இவ்வில்லைகளில் மாவுச்சத்தை உடைக்கும் பூஞ்சணமும் ஈஸ்ட்டும் ஒருங்கே உள்ளன. அசாமின் திமாசா மக்கள் ஆக்கும் 'ஜூடிமா' என்னும் அரிசி மதுவுக்கு 2021இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆற்றுதல், பொடி கலத்தல், காத்திருத்தல், கையால் பிழிதல் என்னும் வரிசை பெரும்பாணாற்றுப்படையின் வரிசையோடு நெருங்கிய ஒப்புமை உடையது.

இதன் அடிப்படையில் 'நல்லடை' என்பதைத் தட்டையாகத் தட்டிய நொதி வில்லையாகக் கொள்ளலாமா என்னும் கேள்வி எழுகிறது. அடை என்னும் சொல் தட்டையான பண்டத்திற்கு இன்றும் வழங்குகிறது. 'பூம்புறம்' என்னும் அடைமொழியைப் பொலிவுடைய புறம் எனக் கொள்வது மரபு. பூத்த புறம் எனக் கொள்ளவும் இடமுண்டு. பழைய ஊறுகாயின்மேல் வெண்படலம் படர்ந்தால் இன்றும் 'பூத்துவிட்டது' என்றே சொல்கிறோம். குரும்பி உவமை இதற்கு அரண் செய்கிறது. குரும்பி எனப்படும் புற்றாஞ்சோறு கரையான் வளர்க்கும் பூஞ்சணக் கூடு; துளைகள் நிறைந்து எளிதில் உதிரக்கூடியது; அதன்மேல் வெண்ணிறப் பொட்டுகள் காணப்படும்.

உவமை முளைக்கும் பொருந்தும் என்பதை மறுக்க இயலாது. கூடையில் ஈரத்துடன் கட்டி வைத்த நெல் முளைத்து வேர்கள் பின்னிக்கொள்ளும்போது அதுவும் அடையாகத் திரண்டு புற்றாஞ்சோறு போலத் தோன்றும். அதனை இடித்துவிட்டால் உவமை நில்லாது என்பதே உரைகாரர் பொருளிலுள்ள சிறு நெருடல். வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரையில் மூடி வைத்த முளைநெல்லின்மேல் பூஞ்சணம் படர்வது இயல்பு. எனவே முளையும் பூஞ்சணமும் ஒரே அடையில் கூடியிருத்தலும் கூடும். இம்மூன்றாவது நிலையே ஏற்புடையது என்று தோன்றுகிறது. ஏனெனில் அது உரைமரபைத் தள்ளாமல், கூழை ஆற்றியதற்கான காரணத்தையும் விளக்குகிறது.

வடித்தல் (வாலை வைத்து ஆவியைக் குளிர்வித்துச் சாராயம் எடுத்தல்) இச்செய்முறையில் இல்லை. பிழிதலோடும் அரித்தலோடும் தொழில் முடிந்துவிடுகிறது. 'கள் அடுதல்' என்பதை இன்றைய 'சாராயம் காய்ச்சுதல்' என்பதோடு ஒப்பிடும் விளக்கங்கள் திருத்தத்தக்கன.

முதிர்விப்பும் குடியும்

நீண்ட நாள் முதிர்ந்த தேறலுக்கும் சங்க நூல்களில் சான்றுகள் உள. மலைவாழ்நர் தேனால் ஆகிய தேறலை மூங்கிற் குழாயில் இட்டு முதிர்வித்தனர் (முருகு. 195, மலைபடு. 171, புறம். 129). தேள் கடுப்பை ஒத்த, நாட்பட்ட தேறலை ஔவையார் குறிப்பிடுகிறார் (புறம். 392). பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் நினைவுகூரும் பாடலில் நிலத்தில் புதைத்து முதிர்வித்த மட்டின் தேறல் வருகிறது (புறம். 120). நிலத்தடி வெப்பநிலை சீராக இருப்பதால் நொதிப்பு நிதானமாக நிகழும். இத்தேறலை அருந்தியவர் மன்னர் அல்லர். புல் வேய்ந்த குரம்பைகளில் வாழ்ந்த குடிகள். அங்கு வரும் 'பகர்ந்து' என்னும் சொல்லுக்கு விற்றல் என்னும் பொருளும் உண்டு. குடிதோறும் விலைக்குக் கிடைத்ததா, குடிதோறும் வழங்கப்பட்டதா என்பது தனித்து ஆராயத்தக்கது.

பட்டினப்பாலையில் புகார் நகரத்தார் இரவில் மட்டை விலக்கி மதுவை மகிழ்ந்ததாக (108) ஒரு செய்தி உண்டு. பட்டினப்பாலையைப் பாடியவரும் உருத்திரங்கண்ணனாரே. துறைமுக நகரின் செல்வர் எதை விலக்கினர் என்பதையும், வலைஞரும் மறவரும் எதைத் தாமே ஆக்கி விருந்தினர்க்கு அளித்தனர் என்பதையும் ஒரே புலவர் இரு நூல்களில் பதிவு செய்துள்ளார். அவர் கண்ணில் கள்ளடு மகளிரின் முற்றமும் பட்டிருக்கிறது. வள்ளம் கழுவிய நீர் வழிந்து சேறான இடத்தில் பன்றிகள் புரள்கின்றன. நெல்மா ஊட்டிக் குழியில் வளர்த்த ஆண்பன்றியின் ஊனும் கள்ளும் விருந்தாகின்றன (339-345). பனையேறுவோர் குடியிருப்பாக மட்டும் இதனை வாசித்தால் அரிசியும் பெண்களும் ஒருசேர மறைந்துவிடுவர். மொழிபெயர்ப்பாளர் இவ்விடங்களில் பனங்கள்ளுக்குரிய சொல்லைத் தவிர்த்து, அரிசி மதுவைக் குறிக்கும் சொல்லை இடுதல் வேண்டும்.

1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டில் இச்செய்முறையை வீட்டில் செய்து பார்த்தல் குற்றமாகும். ஆனால் கொடுமணல், கீழடி போன்ற இடங்களில் கிடைத்துள்ள மட்பாண்டங்களுள் வாயகன்ற தட்டுகளையும் சாடிகளையும் தேர்ந்து, அவற்றின் உட்புற எச்சங்களை நுண்ணோக்கியால் ஆராய்வதற்குத் தடையேதும் இல்லை. முளையின் நொதி உடைத்த மாவுத்துகள்கள் எஞ்சியுள்ளனவா, பூஞ்சணத்தின் இழைகள் எஞ்சியுள்ளனவா என்பதை அவ்வாய்வில் முதலில் தேட வேண்டும்.