வெயிலின் எடை

பௌதிகவியல் பயிலாதாரும் கேள்வியுற்ற சமன்பாடு ஒன்று உண்டு. திணிவை ஒளிவேகத்தின் வர்க்கத்தாற் பெருக்க வருவது சத்தி என 1905ஆம் ஆண்டிலே அல்பேட் ஐன்ஸ்ரைன் கண்ட உண்மையே அது. பொருளானது ஒளிவேகத்தில் ஓடினாற்றான் சத்தியாக மாறும் எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. அசையாது கிடக்கும் கல்லினுள்ளும் அச்சத்தி உண்டு. ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயமாக எண்ணுதற்கு ஒரு வீதம் இருப்பதுபோலத் திணிவைச் சத்தியாக எண்ணுதற்கு ஒளிவேகத்தின் வர்க்கம் பயன்படுகின்றது.

அவ்வீதமோ மிகப் பெரிது. ஒளி ஒரு செக்கனில் 299,792 கிலோமீற்றர் செல்லும். பண்ணைக் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்திலிருந்து மண்டைதீவை அடைய அதற்கு ஒரு செக்கனை இலட்சம் கூறாக்கியதில் ஓரிரு கூறே போதும். அத்தகைய வேகத்தை அதனாலேயே பெருக்குவதால், ஒரு கிராம் திணிவு 90 இலட்சம் கோடி யூல் சத்திக்கு ஈடாகின்றது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1932ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜில் கொக்ரொவ்ற், வால்ற்றன் என்னும் இருவர் இலிதிய அணுக்கருவைப் புரோத்தனால் மோதிப் பிளந்தனர். தோன்றிய இரண்டு ஈலியக் கருக்களின் திணிவு முன்னிருந்ததிலும் குறைந்திருந்தது. குறைந்த பங்கு அக்கருக்களின் இயக்கச் சத்தியாக வெளிப்பட்டது.

சூரியனிலும் ஐதரசன் ஈலியமாகும்போது திணிவு குறைகின்றது. செக்கனுக்கு 40 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட திணிவைச் சூரியன் ஒளியாக இறைக்கின்றது. அதிற் பூமி முழுவதும் செக்கனுக்குப் பெறுவது ஏறக்குறைய 2 கிலோகிராம் மாத்திரமே.

இனி மண்டைதீவின் பங்கை நோக்குவோம். முகிலற்ற ஒரு நாளில் அங்கே ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பில் விழும் வெயிலின் திணிவு ஏறக்குறைய கால் கிராம். பொற்கொல்லர் தராசில் இரண்டு குன்றிமணி. கரையிற் பரப்பிய மீனைக் கருவாடாக்குவதும், பனையிற் குருத்தை வளர்ப்பதும், கடல்நீரை முகிலாக எழுப்புவதும் இத்துணைச் சிறு பொருளே.

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் வீழ்ந்த குண்டிலே சத்தியாக மாறிய திணிவும் ஒரு கிராமிற் குறைந்ததே. இத்தீவின் மூன்று சதுர கிலோமீற்றர் நிலம் ஒரு பகலிற் பெறும் வெயிலுக்கு அது ஒப்பாகும். வெயில் பகலெல்லாம் பரந்து வருதலின் உயிரை வளர்க்கின்றது. குண்டின் சத்தியோ ஒரு கணத்தில் ஓரிடத்தே வெளிப்பட்டமையின் ஒரு நகரையே அழித்தது.

எவ்வளவு சத்தி உண்டு என்பதைச் சமன்பாடு கூறும். அதனை எவ்வாறு, எதன்பொருட்டு வெளிவிடுவது என்பதை மாந்தரே தீர்மானித்தல் வேண்டும். பௌதிகவியல் கற்பிக்கும் கல்லூரிகள் இவ்விரண்டையும் ஒருங்கே மாணவர்க்கு உணர்த்துவனவாக.