எண்ணெய் படிந்த கடல்நீரும் மீனவர் கேட்க வேண்டிய கேள்விகளும்

2023ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மிக்ஜாம் புயலின் பெருமழையை அடுத்துக் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, எண்ணூர் மீனவர்கள் கைக்குக் கிடைத்த குவளைகளால் அதை மொண்டு பீப்பாய்களில் நிரப்பிய அவலத்தைப் பத்திரிகைகளில் கண்டவர் பலர். 2017 ஜனவரி 28ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்ட பின்னரும் அவ்வட்டாரக் கரையில் மனிதக் கரங்களே வாளி பிடித்தன. ஆனால் அவ்வாறு மொண்டெடுத்த கலவையின் கதி என்னவாயிற்று என்று விசாரித்தவர் மிகச் சிலரே.

அக்கலவையைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்தால், கறுத்த எண்ணெய் மேலே திரண்டு நிற்கும், அதை வழித்தெடுத்துவிடலாம். அடியில் கலங்கி நிற்கும் ஜலத்திலோ, கண்ணுக்குப் புலப்படாத நுண்துளிகளும், கரைந்துபோன பென்சீன், நாப்தலீன் முதலிய நச்சுப் பொருள்களும் தங்கிவிடுகின்றன. இவற்றை அழிப்பதற்கென்றே மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகள் பயன்படுகின்றன. 1894இல் ஃபென்டன் என்னும் ரசாயன விஞ்ஞானி விவரித்தபடி ஹைட்ரஜன் பெராக்சைடுடன் இரும்பு உப்பைச் சேர்த்தோ, ஓசோன் வாயுவைச் செலுத்தியோ, டைட்டானியம் டையாக்சைடின் மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சியோ ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்கினால், அவை எதிர்ப்பட்ட கரிமப் பொருள்களைச் சிதைத்து, வினை பூரணமாகும் இடத்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும்.

எனினும் இது தொட்டிக்குள் செய்யும் சிகிச்சையே அன்றி, விரிந்த சமுத்திரத்தில் செய்யக்கூடியதன்று. தொட்டிக்குள்ளும் கடலின் உப்பு இதற்குப் பெரிய விரோதி. லிட்டருக்குச் சுமார் 19 கிராம் அளவுள்ள குளோரைடும், அதனோடு பைகார்பனேட்டும், எண்ணெயைத் தாக்க வேண்டிய உறுப்புகளைத் தாமே கவர்ந்துகொள்கின்றன. ஃபென்டன் வினை நன்கு நடைபெறப் பி.எச். மதிப்பு 3க்கு அருகில் இருக்க வேண்டும். கடல்நீரிலோ அது 8. இவற்றினும் கவலைக்குரிய விஷயம் புரோமைடு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் இருக்கும் இப்பொருள், ஓசோன் பட்டால் புரோமேட்டாக மாறக்கூடும். புற்றுநோய் விளைவிக்கலாம் என்ற ஐயத்தால், குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆகாதென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருப்பது இந்தப் புரோமேட்டைத்தான். ஆதலால் நீர் தெளிந்துவிட்டது என்ற வார்த்தை மாத்திரம் நமக்குப் போதாது. எஞ்சிய எண்ணெயின் அளவோடு, புதிதாக உண்டான பொருள்களின் அளவையும் காட்டும் பரிசோதனை அறிக்கையைப் பிரசுரித்த பின்னரே அந்த நீரைக் கடலில் விடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரசு அலுவலகங்களில் உள்ள அவ்வறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டியது அதிகாரிகளின் கடமை.

நஷ்டஈட்டுக்கும் சட்டம் இடம் தருகிறது. 2010ஆம் வருஷத்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் ஐந்து வருஷங்களுக்குள் நிவாரணம் கோரி விண்ணப்பிக்க வழி செய்கிறது. விபத்தினால் நேர்ந்த சேதமாயின், எதிர்த்தரப்பின் தவற்றை நிரூபிக்கும் பாரமும் ஏழை மீனவர் தலையில் ஏறுவதில்லை. எண்ணெய்க் கப்பலிலிருந்து கசிந்ததாயின், இந்தியா ஏற்றுக்கொண்ட 1992ஆம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கையின்படி, நஷ்டம் நேர்ந்த மூன்று வருஷங்களுக்குள் கப்பல் உரிமையாளர்மீது வழக்குத் தொடுக்க வேண்டும். தவறினால் உரிமை அழிந்துபோம். பாழான வலைக்கு மாத்திரமன்றி, மீன்பிடிக்கப் போகமுடியாமல் இழந்த வருமானத்துக்கும் ஈடு கேட்கலாம் என்பதைப் பலர் அறியார்.

ஆகவே கடலோரத்துச் சகோதரர்களே, நீரில் எண்ணெய் கண்டவுடன் கடலோரக் காவல்படைக்கு 1554 என்ற எண்ணில் தெரிவியுங்கள். வெறுங்கையால் அதைத் தொடாதீர்கள். வலையையும் படகையும் கழுவுமுன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். முந்தைய மாதங்களின் ஏலச் சீட்டுகளையும் டீசல் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.