தோட்டத்தில் நீங்களே பறிக்கலாம்: கதவைத் திறக்கும் முன் ஒரு பாடம்

மகாராஷ்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில் பஞ்ச்கனியிலிருந்து மகாபலேஸ்வரம் செல்லும் மலைச் சாலை சுமார் 20 கிலோமீட்டர். ஜனவரி மாதத்தில் அந்தச் சாலையில் போனால் இருபுறமும் செம்மண் மேட்டுப்பாத்திகளில் ஸ்ட்ராபெரி சிவந்து கிடப்பதைப் பார்க்கலாம். ‘உள்ளே வந்து நீங்களே பறித்துக் கொள்ளலாம்’ என்று பல தோட்டங்களின் வாசலில் பலகை தொங்குகிறது. புனே, மும்பையிலிருந்து காரில் வரும் குடும்பங்கள் இறங்கி, கூடையை வாங்கிக்கொண்டு பாத்திக்குள் நடக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு தோட்டத்தில் அரை நாள் இருந்தேன். இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலம். கணவனும் மனைவியுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய மராத்தியும் என்னுடைய அரைகுறை இந்தியும் சேர்ந்து பேச்சு ஒருவாறு ஓடியது.

நான் அங்கே போனதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் மலைப்பகுதி ஒன்றில் பழத்தோட்டம் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். உள்ளே நுழைந்ததுமே மகள் இரண்டு பழத்தைப் பறித்து வாயில் போட்டுவிட்டாள். இலைகளில் வெள்ளை வெள்ளையாக மருந்துத் திட்டுகள் இருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். எப்போது தெளித்தது என்று கேட்டேன். ‘முந்தாநாள்தான் சார், ஒன்றும் ஆகாது’ என்றார் காவலுக்கு இருந்தவர். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு முழுவதும் அவளை எழுப்பி எழுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விவசாயிகளுக்கு மருந்து பற்றி வகுப்பு எடுக்கும் நானே, கேட்க வேண்டிய கேள்வியைப் பிந்தித்தான் கேட்டேன்.

ஏன் ஸ்ட்ராபெரி?

மகாபலேஸ்வரம் கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் நடவு செய்கிறார்கள். தாய்ச்செடியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அதன் ஓடுதண்டுகளிலிருந்து நாற்று எடுக்கிறார்கள். விண்டர் டான், ஸ்வீட் சார்லி, கமரோசா ஆகியவை இங்கே பழக்கமான ரகங்கள். நவம்பர் கடைசியில் தொடங்கும் பறிப்பு மார்ச், ஏப்ரல் வரை நீள்கிறது. மகாபலேஸ்வரம் ஸ்ட்ராபெரிக்கு 2010-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பழத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, பறித்த பிறகு பழுக்காது. வாழை, மாம்பழம் போல காயாகப் பறித்துப் பழுக்க வைக்க முடியாது. செடியில் எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். இரண்டு, தோல் மிக மெல்லியது. விரல் அழுந்தினால் மறுநாள் அந்த இடம் அழுகிவிடும். அதனால் தொலைதூரச் சந்தைக்கு அனுப்பும் பழத்தை முக்கால் சிவப்பிலேயே பறித்துவிடுகிறார்கள். நகரத்துக் கடையில் வாங்கும் ஸ்ட்ராபெரி பார்க்க அழகாகவும் சாப்பிடப் புளிப்பாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தோட்டத்துக்கே வருபவருக்கு முழுச் சிவப்பில் கொடுக்கலாம். அந்தச் சுவை கடையில் கிடைக்காது. அதற்காகத்தான் ஆட்கள் மலையேறி வருகிறார்கள்.

கணக்கு எங்கே மாறுகிறது?

ஸ்ட்ராபெரியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். குனிந்தே செய்யும் வேலை. பறிப்புக் கூலி, 200 கிராம் பிளாஸ்டிக் டப்பா, அட்டைப்பெட்டி, வண்டி வாடகை, மண்டி கமிஷன், வழியில் நசுங்கும் சேதம் என்று வரிசையாகக் கழிகிறது. வருபவர் தானே பறித்தால் இந்தச் செலவுகளில் பெரும்பகுதி மிச்சம். அவர் கொடுக்கும் பணமும் ஏறக்குறைய சில்லறை விலை.

ஆனால் வேறு செலவுகள் வந்து சேர்கின்றன. வருபவர்கள் பெரிய பழத்தை மட்டும் பறித்துவிட்டுச் சிறியதையும் கோணலானதையும் விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் பாதி கடித்ததைப் பாத்தியிலேயே போடுகிறார்கள். அப்படிக் கிடக்கும் பழத்தில்தான் சாம்பல் பூஞ்சண அழுகல் தொடங்கி, பூவுக்கும் பிஞ்சுக்கும் பரவும். அதனால் தினமும் மாலையில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வாளியுடன் பாத்தி பாத்தியாகப் போய், கனிந்து உதிர்ந்ததையும் கடித்துப் போட்டதையும் பொறுக்கித் தோட்டத்துக்கு வெளியே குழியில் போட்டு மூடுகிறார்கள். இந்த ஒரு வேலையை விட்டால் பத்து நாளில் தோட்டம் போய்விடும் என்றார் அந்த அம்மா.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழம் தினமும் பழுக்கிறது. கூட்டம் சனி, ஞாயிறுதான் வருகிறது. ஆகவே தோட்டம் முழுவதையும் வருகையாளர்களை நம்பி விட முடியாது. நிலத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, அந்தந்த வாரம் தயாராக இருக்கும் ஒன்றை மட்டும் திறந்துவிடுகிறார்கள். மற்றவற்றின் பழம் வழக்கம்போல வியாபாரிக்குப் போகிறது.

விலை வைப்பதிலும் ஒரு தெளிவு இருக்கிறது. உள்ளே வர ஆளுக்கு ஒரு கட்டணம். அங்கேயே சாப்பிடுவது அதில் அடங்கிவிடும். எடுத்துச் செல்வதற்கு மட்டும் கிலோ கணக்கு. சாப்பிடுபவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா என்று சிரித்தார் அந்த விவசாயி. ஜப்பானிலும் இதே முறைதான். ஷிசுவோகா பகுதியில் குனோசான் கடற்கரையோரத் தோட்டங்களில் நுழைவுக் கட்டணம் கட்டினால், குறிப்பிட்ட நேரத்துக்குள் வேண்டிய மட்டும் பறித்துச் சாப்பிடலாம். பெரும்பாலும் அரை மணி நேரம் தருகிறார்கள்.

சிவப்புத் துணி

காலை பதினொரு மணிக்கு ஒரு பெரிய கார் வந்தது. பெரியவர்கள் நான்கு பேர், குழந்தைகள் மூவர். திறந்திருந்த பகுதியில் ஏற்கெனவே ஆட்கள் பறித்திருந்ததால் பழம் குறைவாகத் தெரிந்தது. பக்கத்துப் பகுதியிலோ சிவப்பாகக் குலுங்கியது. அங்கே போகிறோம் என்றார்கள். அந்தப் பகுதியைச் சுற்றி நட்டிருந்த குச்சிகளில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

முடியாது என்று சொல்லிவிட்டார் விவசாயி. இலைப்பேனுக்கு மருந்து அடித்து நான்கு நாள்தான் ஆகிறது, இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது என்றார். வந்தவர்கள் கூடுதல் பணம் தருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்க் கழுவிச் சாப்பிடுகிறோம் என்றார்கள். அவர் அசையவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள். அந்த வாரத்தின் நல்ல வியாபாரம் கண்ணெதிரே போனது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். எந்தப் பகுதி, என்ன மருந்து, எவ்வளவு, என்று தெளித்தது, என்று பறிக்கலாம் என்று ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தை அவர் தாண்டுவதே இல்லை.

காத்திருப்புக் காலம் என்றால் என்ன?

மருந்து தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய குறைந்தபட்ச நாள்களே காத்திருப்புக் காலம். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் இது மாறும். சிலவற்றுக்கு ஓரிரு நாள் போதும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்தில் பயிர்வாரியாக அச்சிட்டிருப்பார்கள். நம்மில் பலர் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கி எறிவது அந்தக் காகிதத்தைத்தான்.

இதில் மூன்று தவறான எண்ணங்களை அடிக்கடி கேட்கிறேன்.

ஒன்று, ‘பச்சை முக்கோணம் போட்ட மருந்துதானே, நாளைக்கே பறிக்கலாம்’ என்பது. டப்பாவில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்கள் மருந்தின் நச்சுத்தன்மையின் அளவைச் சொல்பவை. காத்திருக்க வேண்டிய நாளை அவை சொல்வதில்லை.

இரண்டு, ‘கழுவினால் போய்விடும்’ என்பது. ஊடுருவிப் பாயும் மருந்து செடிக்குள்ளேயே போய்விடுகிறது. அதைத் தண்ணீர் கழுவாது. மேலும், பாத்தியில் நின்று பறித்துச் சாப்பிடும் குழந்தை கழுவியா சாப்பிடப் போகிறது?

மூன்று, ‘நாங்கள் இயற்கை விவசாயம், எங்களுக்கு இது பொருந்தாது’ என்பது. இதை மரியாதையோடுதான் மறுக்கிறேன். சாணம் கலந்த கரைசல்களைப் பழத்தின் மேல் தெளித்து, அதை அப்படியே பச்சையாகச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் உடலுக்குள் போக வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளில், மக்காத சாணத்தை நிலத்தில் இட்ட பிறகு, மண்ணைத் தொடும் விளைபொருளை 120 நாளும் மற்றவற்றை 90 நாளும் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. பறித்துச் சாப்பிடும் தோட்டத்தில் நன்கு மக்கிய எருவை அடியுரமாக இடுங்கள். கரைசல்களை மண்ணோடு நிறுத்திக் கொள்ளுங்கள். பூத்த பிறகு பழத்தின் மேல் படும்படி தெளிக்க வேண்டாம்.

மண்டிக்குப் போகும் பழம் பறித்த பின் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வாய்க்குப் போகிறது. பெரும்பாலும் கழுவப்படுகிறது. பறித்துச் சாப்பிடும் தோட்டத்தில் இந்த இடைவெளி இல்லை. அதனால் நோட்டில் ஒரு நாள் தவறினாலும் அது நேரே ஒரு குழந்தையின் வாயில் போய் நிற்கும்.

நமக்கு எது பொருந்தும்?

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ஸ்ட்ராபெரி சாகுபடி நடக்கிறது. சமவெளியில் உள்ளவர்கள் வேறு பயிரைப் பார்க்கலாம். கைக்கு எட்டும் உயரம், பறித்த உடனே சாப்பிடும் பக்குவம், குறைந்த மருந்து, ஒரே நாளில் முடிந்துவிடாத பறிப்பு ஆகிய நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொய்யாவை அடர்நடவு செய்து கவாத்தில் உயரத்தைக் கட்டுப்படுத்தினால் குழந்தையே பறிக்கும். பழ ஈக்கு மருந்து அடிக்காமல் பிஞ்சிலேயே உறை மாட்டிவிடலாம். டிராகன் பழம் செடியிலேயே பழுக்கிறது. முள் இருப்பதால் பறித்துக் கொடுக்க நம் ஆள் ஒருவர் வேண்டும். பழத்துக்கென வளர்க்கும் மல்பெரியும் நல்ல தேர்வு. மா, சப்போட்டா இரண்டும் பறித்த பின் பழுக்க வேண்டியவை. பாலும் வடியும். இந்த முறைக்கு ஒத்துவராது.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குமுளி, தேக்கடி போகிறவர்கள் வழியில் பந்தலுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு போவது அங்கே ஏற்கெனவே நடக்கிறது. பறிக்க விடலாமா என்று அந்தப் பகுதி விவசாயிகள் கேட்கிறார்கள். விடலாம், ஆனால் கத்தரிக்கோல் கொடுத்து விட வேண்டும். கொத்தைப் பிடித்து இழுத்தால் அடுத்த காய்ப்புக்கான மொட்டு உள்ள கிளை முறியும். திராட்சைக்கு மருந்துத் தெளிப்பும் அதிகம். எனவே பந்தல் முழுவதையும் திறக்காமல், காத்திருப்புக் காலம் முடிந்த பகுதியை மட்டும் கயிறு கட்டிப் பிரித்து விடுவதே நல்லது.

தொடங்கும் முன்

- முதல் ஆண்டு கால் ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள். அதையும் மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, அடுத்தடுத்துப் பழம் வரும்படி நடவோ கவாத்தோ செய்யுங்கள்.

- நடைபாதை மூன்று அடி அகலமாவது இருக்கட்டும். மல்ச்சிங் ஷீட் போட்டால் பழத்தில் மண் ஒட்டாது.

- திறந்த கிணறு, மோட்டார் ஒயர், மருந்து வைக்கும் அறை மூன்றையும் முதலில் பாதுகாப்பாக மூடுங்கள். வருபவர்களின் குழந்தைகளுக்கு நம் நிலத்தின் ஆபத்துகள் தெரியாது.

- கை கழுவத் தண்ணீர், சோப்பு, கழிப்பறை, நிழல் கட்டாயம் வேண்டும்.

- எப்படிப் பறிப்பது என்று நுழைந்ததும் ஒரு நிமிடம் காட்டிக் கொடுங்கள். ஸ்ட்ராபெரி என்றால் பழத்தைத் தொடாமல், காம்பை அரை அங்குலம் விட்டு நகத்தால் கிள்ள வேண்டும்.

- மாலையில் வாளியோடு ஒரு சுற்று. இதை மட்டும் மறக்காதீர்கள்.

களப்பணியில் இருக்கும் விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு தோட்டம் உங்கள் பகுதியில் தொடங்கினால், அந்த ஐந்து கட்ட நோட்டை முதல் நாளே போட்டுக் கொடுங்கள். மாதம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எந்தப் பயிருக்கு எந்த மருந்து பதிவு பெற்றிருக்கிறது, காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்று நாமே பார்த்து எழுதிக் கொடுத்தால் அவர்கள் கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியிருக்காது.

அன்று மாலை நான் கிளம்பும்போது காலையில் கோபித்துப் போன அதே கார் திரும்பி வந்து நின்றது. மகாபலேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும் வழி. குழந்தைகள் மட்டும் இறங்கி ஓடிவந்தார்கள். திறந்திருந்த பாத்தியில் மீதமிருந்த சின்னப் பழங்களை அந்த அம்மாவே அவர்களுக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். கட்டணம் வாங்கவில்லை.

‘வாங்க, பறித்துச் சாப்பிடுங்க’ என்று வாசலில் பலகை வைக்க விரும்பும் விவசாயிகள், அதன் பக்கத்தில் ஒரு சிலேட்டையும் மாட்டுங்கள். இந்தப் பகுதியில் கடைசியாக மருந்து தெளித்த தேதி எது, எந்த நாளிலிருந்து பறிக்கலாம் என்று அதில் எழுதி வையுங்கள். என் மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் தோட்டத்துக்கு வந்தால் நான் முதலில் தேடப்போவது அந்தச் சிலேட்டைத்தான்.