தொண்டையும் வேஷமும்

கிளியனூர்ப் பக்கத்துக் கூத்தில் துரியோதனன் வேஷம் ஆளுக்கு ஆள் கைமாறும். பாட்டு வேஷத்துக்கு உரியது, பின்பாட்டு தாங்கிக்கொள்ளும். ராக் இசையிலோ ஒலித்தட்டு பாட்டை ஒரே தொண்டையோடு கட்டிப்போட்டது. 1991இல் இறந்த ஃப்ரெடி மெர்க்குரி (பஞ்ச்கனியில் படித்த பார்சிப் பையன்தான்) இடத்தில் பால் ரோட்ஜர்ஸ் பாடிய குயின் குழுவின் மேடைப்பதிவு 2005இல் வந்தது. ரோட்ஜர்ஸ் மட்டமான பாடகரா என்ன? ப்ளூஸில் ஊறிய குரல். ஃப்ரெடியின் நாடகத்தனமும் கேலியும்தான் அதில் ஒட்டவில்லை. 'பொஹீமியன் ராப்சடி'க்குச் செத்தவரின் பதிவுக் குரலையே ஓடவிட்டு, கடைசியில்தான் இவரைச் சேர்க்கிறார்கள். அரங்கத்தில் இருந்தவன் அழுதிருப்பான். தட்டில் கேட்கிறவனுக்கு மூலக்குரல் அலமாரியிலேயே கிடக்கிறதே! இப்போ கூத்தும் செல்பேசியில் பதிவாகிறது. பதிவான வாத்தியார் குரலே அளவுகோலானால், அடுத்து வேஷம் கட்டுற பையன் என்ன பண்ணுவான்?