இரண்டு கடன்களில் ஒன்றை மறுத்தல்

சொந்த ஊரை விட்டு டில்லியிலும் புனேயிலும் அகமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர்க்குக் கைமாற்றுக் கேட்க உறவினர் அருகில் இல்லை. தங்கையின் திருமணம், தகப்பனாரின் சிகிச்சை என்று திடீரென ஒரு லட்ச ரூபாய் தேவைப்படுங்கால், சம்பளச் சீட்டைக் காட்டி ஈடின்றிப் பெறும் தனிநபர் கடனே கைகொடுக்கிறது. இன்று அதனைத் தருவோர்க்குப் பஞ்சமில்லை. நாம் தேடிப் போகுமுன்னரே அவர்கள் தொலைபேசியில் நம்மைத் தேடி வருகிறார்கள். இருவர் வந்து நிற்கும்போது எவரை ஏற்பது, மற்றவரிடம் எவ்வாறு மறுப்பது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கடன் ஒரு லட்சம், தவணை 24 மாதம் என்று கொள்வோம். முதல் நிறுவனத்தின் முகவர் நம் ஊர்க்காரர். "பத்து சதவிகித வட்டிதான் அண்ணே, வேறு கட்டணமே கிடையாது" என்று தமிழில் இனிக்கப் பேசுகிறார். மற்றது ஒரு வங்கி. வட்டி 14 சதவிகிதம், நடைமுறைக் கட்டணம் 2 சதவிகிதம், பேச்சும் இந்தியில். நம் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஊர்க்காரர் சொன்னது பிளாட் வட்டி. அசல் மாதந்தோறும் குறைந்து வந்தாலும், முதல் நாள் பெற்ற முழு லட்சத்துக்கே கடைசி வரை வட்டி கணக்கிடப்படும். இரண்டாண்டு வட்டி 20,000 ரூபாய். மாதத் தவணை 5,000. ஆக மொத்தம் 1,20,000. வங்கியோ எஞ்சிய அசலுக்கு மட்டுமே வட்டி கணிக்கிறது. தவணை ஏறத்தாழ 4,801 ரூபாய். 24 மாதத்தில் 1,15,224. நடைமுறைக் கட்டணம் 2,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. 360 ஆகியவற்றைக் கூட்டினாலும் 1,17,584 தான். பத்தைவிடப் பதினான்கு மலிவாகிவிட்டது! ஆண்டு வீதமாக்கிப் பார்த்தால் முன்னது 18 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. பின்னது கட்டணத்தையும் சேர்த்துப் பதினாறரைக்குள் நிற்கிறது.

இக்கணக்கை நாமே போட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன் ஒவ்வொன்றுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' தரப்பட வேண்டும். கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவிகித வீதம் அதில் இருக்கும். இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து அந்த எண்ணை ஒப்பிட்டால் போதும். அறிக்கையில் காணாத கட்டணத்தை, நம் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வசூலிக்க இயலாது. முடிவு செய்யக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் நமக்கு உண்டு. "இன்று மாலைக்குள்" என்று எவரேனும் நெருக்கினால் அதற்கு விதியின் ஆதரவில்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவ்விதியில் தனி மகிழ்ச்சி தருவது ஒன்றுண்டு. அறிக்கை, கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். அதை விளக்கிச் சொல்லி, புரிந்தது என்ற ஒப்புகையும் பெற வேண்டும். புரியாத தாளில் "புரிந்தது" என்று ஒப்பமிட்டு வருவது வெளிமாநிலத்தில் நம்மவர் பலரின் வழக்கம். தமிழில் தாருங்கள் என்று கேட்பது சலுகை வேண்டுவதன்று.

இனி, மறுப்பது. இதுவே கடினம். அந்த முகவரை நாம் கோவிலிலும் சங்கக் கூட்டத்திலும் மீண்டும் சந்திக்க வேண்டும். ஆகவே "பார்க்கலாம்" என்கிறோம். நம் வீட்டுத் தமிழில் அதற்குப் பொருள் மறுப்பு. முகவரின் அகராதியிலோ சம்மதம். அவர் விண்ணப்பத்தைச் செலுத்திவிடுவார். கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில் நம் பெயரில் ஒரு விசாரணை பதிவாகும். குறுகிய காலத்தில் இத்தகைய பதிவுகள் பெருகினால் நம் மதிப்பெண் குறையும். நாம் விரும்பிய வங்கியே தயங்கும். எனவே இரண்டு வரி எழுதி அனுப்புவதே நன்று: "தங்கள் கடன் முன்மொழிவை நான் ஏற்கவில்லை. என் பெயரில் விண்ணப்பம் செலுத்த வேண்டாம். என் ஆவணங்களைப் பயன்படுத்த இசைவு தரவில்லை." காரணம் கூற வேண்டியதில்லை. கூறினால் அதற்கு விடை அவரிடம் ஆயத்தமாக இருக்கும். ஓ.டி.பி. கேட்டால், நட்புக்காகவும் தரலாகாது.

கைப்பேசிச் செயலி வழியே பணம் கணக்கில் வந்தே விட்டதா? அத்தகைய கடனுக்குக் குறைந்தது ஒரு நாள் விலகு காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்நாட்களுக்குரிய வட்டியையும் திருப்பிச் செலுத்தினால் அபராதமின்றி விலகலாம். அறிக்கையில் முன்னரே குறித்திருந்தால் நடைமுறைக் கட்டணத்தை மட்டும் அவர்கள் நிறுத்திக்கொள்ளக்கூடும். பணம் செலுத்திய கையோடு, கணக்கு முடிந்தது என்ற கடிதத்தையும் கேட்டுப் பெற்றுக்கொள்க.