வீக்கம் வடிந்தால் மட்டும் போதுமா?

மூட்டுவலிக்காரர் இருக்கும் வீட்டில் முடக்கத்தான் தோசை வார்ப்பது நம் ஊர் வழக்கம். அந்தக் கீரை உண்மையிலேயே வீக்கத்தைத் தணிக்குமா? ஆய்வகத்தில் இதற்கு விடை தேடும் இடம், பெரும்பாலும் ஓர் எலியின் பின்னங்கால்.

கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். எத்தனாலை ஆவியாக்கியபின் பிசுபிசுவென்று மிஞ்சுவதுதான் சாறு. அதை எலிக்குப் புகட்டி ஒரு மணி நேரம் கழித்து, பாதத்தில் கேரஜீனன் கரைசலை ஊசியால் ஏற்றுவார்கள். கேரஜீனன் சிவப்புக் கடற்பாசியில் கிடைப்பது, ஐஸ்கிரீமிலும் சேர்ப்பதுண்டு. வாயால் உண்டால் வம்பில்லை, தோலுக்கடியில் போனால் பாதம் புடைத்துவிடும். வின்டரும் சகாக்களும் 1962-ல் வகுத்த முறை இது. (விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எதுவும் தொடங்காது.)

வீக்கத்தை அளப்பது பிளெதிஸ்மோமீட்டர். திரவம் நிரம்பிய குழாயில் பாதத்தை முக்கினால், எவ்வளவு திரவம் ஏறுகிறதோ அதுவே பாதத்தின் கன அளவு. ஒவ்வொரு முறையும் ஒரே ஆழம் முங்க வேண்டும் என்பதற்காகக் கணுக்காலில் மையால் கோடு போட்டுவைப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சாறு பெறாத எலிகள் ஒரு குழு. இண்டோமெத்தசின் என்ற வீக்கம் தணிக்கும் மருந்தைப் பெற்றவை இன்னொரு குழு. முதல் மணி நேர வீக்கத்துக்கு உடலே சுரக்கும் ஹிஸ்டமினும் செரடோனினும் காரணம். மூன்றாம் மணி வாக்கில் புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு சுரப்பின் கை ஓங்கும். அப்போது வீக்கம் குறைந்தால், ஆஸ்பிரினைப் போலவே சாறும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் வயிற்றையும் சோதித்தாக வேண்டும். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான்.

பாதுகாப்புச் சோதனையில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே வேளையில் கொடுத்து, 14 நாள் கவனிப்பார்கள். எலி சாகவில்லை என்றால் ‘பாதுகாப்பானது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே மடக்கில் கொல்லாது என்பதற்கு மேல் அதில் எதுவும் நிரூபணமாகவில்லை. மூட்டுவலிக்காரர் மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடுபவர். அதற்கு 90 நாள் தினமும் கொடுத்து, ரத்தத்தில் கிரியேட்டினினையும் கல்லீரல் நொதிகளையும் பார்த்து, சிறுநீரகத்தைச் சீவி நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். செலவு அதிகம், பலர் 14-ஆம் நாளிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

நாட்பட உண்பதன் ஆபத்துக்கு ஓர் உதாரணம்: 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டோர் நூறைத் தாண்டினர். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம், ஸ்டெஃபானியா என்ற மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா சேர்ந்திருந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆள்மாறாட்டம் அம்பலமானது, சிறுநீரகங்கள் கெட்ட பிறகு மாத்திரையில் இருந்த மூலிகைப் பொடியை வேதியியல் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோதுதான்.